லா நினா வந்தால் கடலூருக்கு மழை கூடுமா, குறையுமா?

செப்டம்பர் பிறந்தால் போதும், கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் சேர்ந்தே சுற்றும். "லா நினா வருகிறது, மழை கொட்டித் தீர்க்கப் போகிறது" என்பது ஒன்று. "லா நினா வருகிறது, வடகிழக்குப் பருவமழை பொய்க்கும்" என்பது மற்றொன்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா, சூடேறினால் எல் நினோ. இரண்டு செய்திகளையும் அப்பட்டமான பொய் என்று தள்ளிவிட முடியாததுதான் சிக்கல். முதல் செய்தி தென்மேற்குப் பருவமழைக்கான கணக்கை எடுத்து ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பொருத்துகிறது. இரண்டாவது, பல ஆண்டுகளின் சராசரியை எடுத்து ஒரே ஓர் ஆண்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறது. எங்கே தவறு நுழைகிறது என்று பார்க்க, கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

பருவ மாற்றம் வேறு, ஆண்டு மாற்றம் வேறு

வெப்பமண்டலக் கடல் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் மாறும் விதம் ஒன்று உண்டு. நம் கரையோரக் கடலின் மேற்பரப்பு, சித்திரை, வைகாசியில் சுமார் 30 டிகிரி செல்சியஸைத் தொடும். மார்கழி, தையில் 26, 27 டிகிரிக்கு இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து கரைக்கு இணையாக வீசி, மேல் நீரைக் கரையிலிருந்து விலக்கும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து சற்றுக் குளிர்ந்த நீர் எழும். ஐப்பசியில் வாடை திரும்பும். கூடவே நீவாடும் திரும்பும்: பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும் கரையோர நீரோட்டம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகள் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீரின் ஒரு பகுதி அந்த ஓட்டத்தில் சென்னை, புதுச்சேரி, கடலூர் வழியாகத் தெற்கே போகிறது. இவ்வளவும் பருவ மாற்றம். எல் நினோ இல்லாத ஆண்டிலும் நடக்கும்.

ஆண்டு மாற்றம் என்பது, ஒரு மாதத்தின் நிலை அதே மாதத்தின் நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. இதைப் பிறழ்வு என்பார்கள். சராசரிக்கு வழக்கமாக 30 ஆண்டுகளை எடுத்துக்கொள்வார்கள். நம் கடலில் பருவத்துக்குப் பருவம் 3, 4 டிகிரி வேறுபாடு சாதாரணம். ஆண்டுக்கு ஆண்டு பிறழ்வோ பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள்தான். "அரை டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது பரப்பளவை. பசிபிக்கில் அந்த அரை டிகிரி பல ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு, மாதக்கணக்கில் நிற்கிறது. மேலே உள்ள காற்று மண்டலம் தன் மழைமேகங்களை எங்கே எழுப்புவது என்பதை அது மாற்றிவிடும்.

பசிபிக்கில் நடப்பது

இயல்பான ஆண்டில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. மேல் வெந்நீரை அது இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மேற்குப் பசிபிக்கின் நீர்மட்டம் கிழக்கைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. வெந்நீருக்கும் அடியிலுள்ள குளிர்நீருக்கும் நடுவே, வெப்பம் சட்டென்று குறையும் அடுக்குக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். அது மேற்கே சுமார் 150 மீட்டர் ஆழத்திலும், பெரு நாட்டுப் பக்கம் 50 மீட்டர் அளவிலும் இருக்கும். மேற்கே வெந்நீர், அதனால் அங்கே காற்று எழுந்து மழை. கிழக்கே குளிர்நீர், அதனால் அங்கே காற்று இறங்கி வறட்சி. இந்தக் கிழக்கு மேற்குச் சுற்றுக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர். பெயருக்குரிய கில்பர்ட் வாக்கர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். இந்தியப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடித்தான் அவர் பசிபிக் பக்கம் போனார். நம் ஊர்களில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பெரும் பஞ்சத்தின்போது பசிபிக்கில் இருந்தது கடுமையான ஓர் எல் நினோ.

கிழக்குக் காற்று ஏதோ காரணத்தால் தளர்ந்தால், மேற்கே குவிந்த வெந்நீர் கிழக்கே நகரத் தொடங்குகிறது. மேற்பரப்புக்கு அடியே, கெல்வின் அலை எனப்படும் பேரலையாக அது பசிபிக்கைக் கடக்க இரண்டு மாத அளவு ஆகும். கிழக்கு சூடேறினால் இரு பக்க வெப்ப வேறுபாடு குறையும்; வேறுபாடு குறைந்தால் காற்று இன்னும் தளரும்; காற்று தளர்ந்தால் வெந்நீர் இன்னும் நகரும். ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இந்தப் பிணைப்பை 1969-இல் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ் விளக்கினார். இதன் முடிவு எல் நினோ. காற்று வழக்கத்தைவிட வலுத்து, கிழக்கு மேலும் குளிர்ந்தால் லா நினா. 2 முதல் 7 ஆண்டு இடைவெளியில், ஒழுங்கில்லாமல் வரும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் உச்சம் தொடும். நம் மழைக்காலமும் அதுவே என்பது இங்கே முக்கியம்.

செய்தியில் வரும் எண் இப்படிப் பிறக்கிறது:

1. நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்கும் 5 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 பாகை வரையிலான கட்டத்தை நினோ 3.4 என்கிறார்கள். அதன் சராசரி வெப்பப் பிறழ்வை எடுக்கிறார்கள்.
2. மாத எண் குதிக்கும் என்பதால், மூன்று மாதச் சராசரியாக்குகிறார்கள்.
3. அது 0.5 டிகிரிக்கு மேலே போனால் எல் நினோ நிலை, மைனஸ் 0.5-க்குக் கீழே போனால் லா நினா நிலை. அப்படித் தொடர்ந்து ஐந்து முறை பதிவானால்தான் அமெரிக்கக் கடல்சார் நிறுவனம் அதை முழு நிகழ்வாகப் பட்டியலில் சேர்க்கும்.

1997–98இன் உச்சம் 2.4, 2015–16இன் உச்சம் 2.6, 2023–24இன் உச்சம் சுமார் 2.0 டிகிரி. ஒரு வாரத்து எண் மைனஸ் 0.6-க்கு இறங்கியதும் "லா நினா வந்துவிட்டது" என்று தலைப்பு போடுவது அவசரம்.

நம் பக்கத்துப் பெருங்கடலின் ஊசல்

இந்தியப் பெருங்கடலுக்கும் இதுபோல ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. இந்தியப் பெருங்கடல் இருமுனை அலைவு என்று பெயர், செய்திகளில் ஐஓடி. 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் இதை விவரித்தார்கள். அரபிக்கடலுக்குத் தெற்கே ஆப்பிரிக்கப் பக்கத்து வெப்பப் பிறழ்விலிருந்து சுமத்ரா பக்கத்துப் பிறழ்வைக் கழித்தால் வருவது இதன் எண். மேற்கு சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிராகவும் இருந்தால் நேர்மறை, தலைகீழானால் எதிர்மறை. மே, ஜூனில் முளைத்து, செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சத்தில் இருந்து, டிசம்பரில் காற்று திரும்பியதும் அடங்கிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழையின் முற்பாதிக்கு இதன் சொல் செல்லும். மார்கழி மழைக்கு அவ்வளவாகச் செல்லாது.

எல் நினோ கெடுக்கும் மழையை நேர்மறை ஐஓடி சில ஆண்டுகளில் காப்பாற்றும். 1997 அப்படி: அவ்வளவு வலுவான எல் நினோவிலும் நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிடச் சற்றே கூடுதலாகப் பெய்தது. ஐஓடியின் துணை இல்லாத 2002-இல் அது 19 விழுக்காடு குறைந்தது.

ஒரே எல் நினோ, எதிரெதிர் விளைவு

வாட்ஸ்அப் குழப்பத்தின் வேர் இங்கேதான். எல் நினோ ஆண்டின் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை குறையும் வாய்ப்பு அதிகம். அதே எல் நினோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடித்தால், தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் இலங்கைக்கும் மழை கூடும் வாய்ப்பே அதிகம்.

காரணம் காற்றின் திசை. எல் நினோவின்போது இந்தோனேசியா மேல் காற்று இறங்குகிறது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் நோக்கி, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்குக் காற்று கூடுதலாக வீசுகிறது. ஜூலையில் இந்தக் கூடுதல் கிழக்குக் காற்று தென்மேற்குப் பருவக்காற்றுக்கு எதிர்ப்பு. நவம்பரிலோ, நமக்கு மழை கொண்டுவருவதே கிழக்குக் காற்றுதான்; வங்கக்கடலின் ஈரத்தை அது இன்னும் அதிகமாக நம் கரையில் சேர்க்கும். லா நினாவில் அந்த ஈரம் சுமத்ரா பக்கம் இழுபடும். நேர்மறை ஐஓடியும் எல் நினோவைப் போலவே வடகிழக்குப் பருவத்துக்குச் சாதகம், எதிர்மறை பாதகம்.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களும் வீராணம் ஏரியும் மேட்டூர்த் தண்ணீரை நம்பியிருக்கின்றன. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் அந்தத் தண்ணீர், குடகிலும் வயநாட்டிலும் ஜூன், ஜூலையில் பெய்யும் மழை. பண்ருட்டியும் விருத்தாசலமும் ஐப்பசி மழையைப் பார்த்து நிற்கின்றன. ஆகவே எல் நினோ ஆண்டு ஒரே மாவட்டத்தின் ஒரு மூலைக்குக் கெடுதலும் இன்னொரு மூலைக்கு நல்லதும் ஆகலாம். 2023-இன் எல் நினோவில் காவிரிப் படுகையில் மழை குறைந்தது. அதன் கணக்கு 2024 வரை நீண்டது: வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கத் தண்ணீர் இல்லை, ஜூலை கடைசியில் குடகு மழை வந்த பிறகே மதகு திறந்தது.

ஆண்டுகளை வைத்துச் சரிபார்த்தால்

பொருந்தியவை:

1. 2015: மிக வலுவான எல் நினோ. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். நவம்பரில் கடலூர் மாவட்டம் முழுகியது, டிசம்பரில் சென்னை.
2. 2016: எதிர்மறை ஐஓடி, மெல்லிய லா நினா. தமிழகத்துக்கு இயல்பான 44 செ.மீ.-க்குப் பதில் சுமார் 17 செ.மீ. மட்டுமே. 62 விழுக்காடு குறைவு. டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியும் கணக்கு நிமிரவில்லை.

பொருந்தாதவை:

1. 2018: எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தது, கஜா புயலும் வந்தது. ஆனாலும் தமிழகத்தில் மழை ஏறக்குறைய கால்பங்கு குறைவு.
2. 2019: நேர்மறை ஐஓடி அதிவலுவாக இருந்த ஆண்டு. வடகிழக்குப் பருவமழை இயல்பளவுதான்.
3. 2021: லா நினா. வாய்பாட்டின்படி வறட்சி, பெய்ததோ இயல்பைவிட 59 விழுக்காடு அதிகம். 2010-இலும் லா நினா, கூடுதல் மழை.

இப்படி ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஏமாற்று" என்பவர்களும் உண்டு. முதல் இரண்டை மட்டும் காட்டி "அடித்துச் சொல்கிறேன்" என்பவர்களும் உண்டு. யூடியூபில் பின்னவர்களுக்கே கூட்டம் அதிகம். நினோ 3.4 எண் மழையின் அளவைச் சொல்வதில்லை. கூடுமா குறையுமா என்ற வாய்ப்பின் சாய்வை மட்டும் சொல்கிறது. வலுவான எல் நினோவில் அந்தச் சாய்வு செங்குத்து. மெல்லிய லா நினாவில் ஏறக்குறைய சமதளம். செய்தியில் "லா நினா" என்ற பெயரைவிட, அதன் பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடுவது பயன் தரும்.

வாய்பாடு எங்கே வழுக்குகிறது

நம் கரையில் பருவமழை என்பது தினமும் பெய்யும் மழை அன்று. சில காற்றழுத்தத் தாழ்வுகள், சில கீழைக்காற்று அலைகள், நடுவே வெயில். மூன்று மாதத்தில் அப்படி ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கணக்கே மாறிவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தில் பெரிய புயல் இல்லை. ஆனால் கரையேறிய பிறகு நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. பெய்தது. பருவம் முழுவதற்கும் பெய்ய வேண்டியதில் ஏறத்தாழப் பாதி, ஒரே நாளில். அப்போது பசிபிக் எல் நினோவிலும் இல்லை, அறிவிக்கும் அளவுக்கு லா நினாவிலும் இல்லை. புயல் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை எந்தப் பசிபிக் எண்ணும் சொல்லாது.

புயல்களைப் பொறுத்தவரை லா நினாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. லா நினாவில் இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கத்தில் வெந்நீர் ஆழமாகத் தேங்குகிறது. புயல் உருவாகக் கடல் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பார்கள்; வங்கக்கடலில் அது நவம்பரில் எப்போதும் உண்டு. வேறுபாட்டை உண்டாக்குவது அந்தச் சூடு எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பதுதான். புயல் கடலைக் கலக்கும்போது கீழிருந்து குளிர்நீர் மேலே வந்தால் அதன் பலம் குன்றும். வெந்நீர் ஆழமாக இருந்தால் குளிர்நீர் மேலே வராது. ஆறுகளின் நன்னீரும் இதற்குத் துணை: உப்பு குறைந்த லேசான நீர் மேலே மிதந்து, அடியிலுள்ள நீரோடு எளிதில் கலக்காமல் தடுப்புப் போல நிற்கிறது. லா நினா ஆண்டுகளின் அக்டோபர்–டிசம்பரில் வங்கக்கடலில் வலுவான புயல்கள் கூடுவதாக ஆய்வுகள் காட்டுவதற்கு இது ஒரு காரணம். 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்த ‘தானே’ புயல், 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறிய நிவர், இரண்டும் லா நினா ஆண்டுப் புயல்கள். ‘தானே’ புயலில் மழையைவிடக் காற்றே கொன்றது; பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆக, "லா நினா, மழை குறைவு" என்பதை "ஆபத்துக் குறைவு" என்று படிப்பது தவறு. மரம் வைத்திருப்பவருக்கு லா நினா, ஏரி வைத்திருப்பவருக்கு எல் நினோ, இப்படிப் பிரித்துக் கவலைப்படுவது கொஞ்சம் மேல்.

வாரக்கணக்கில் ஆட்டம் காட்டுவது மேடன்–ஜூலியன் அலைவு. 30 முதல் 60 நாள் சுற்றில் மழைமேகக் கூட்டம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே நகர்வது இது. இது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் வாரங்களில் தாழ்வுகள் அடுத்தடுத்து முளைக்கும். பசிபிக்குக்குப் போனதும் நமக்கு வெயில். நல்ல ஆண்டிலும் நவம்பர் நடுவில் பத்து நாள் வெறுமையாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வெள்ளம் வடியாததில் கடலின் பங்கு

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் கடலூர் மாவட்டக் கரையிலேயே கடலில் சேர்கின்றன. வெள்ளம் வரும் அதே மாதங்களில்தான் கடல்மட்டமும் ஆண்டின் உயரத்தில் நிற்கிறது. வாடைக் காற்று நீரைக் கரைப்பக்கம் ஒதுக்குவதும், வங்கக்கடலைச் சுற்றி வரும் கடலலைகள் கரையோர மட்டத்தை உயர்த்துவதும் காரணம். ஏறத்தாழ ஒரு சாண் உயரம்தான். ஆனால் முகத்துவாரத்துக்கு மேலே பல கிலோமீட்டருக்குச் சரிவே மிகக் குறைவாக உள்ள தாழ்நிலத்தில், ஒரு சாண் உயர்ந்தால் ஆறு கடலில் இறங்கும் வேகம் தளரும். அதோடு ஓதமும் சேர்ந்தால் தண்ணீர் ஊருக்குள்ளேயே நிற்கும். மேலே தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து எவ்வளவு திறந்தார்கள் என்று மட்டும் பார்ப்பவர்கள், கீழே கடல் எந்த நேரத்தில் ஏற்றத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மீன்வளத்திலும் ஆண்டு மாற்றத்தின் தடம் உண்டு. கேரளக் கரையில் 2012-இல் சுமார் நான்கு லட்சம் டன் கிடைத்த மத்தி, 2015–16 எல் நினோவையொட்டிச் சரிந்து, 2019-இல் 44,000 டன் அளவுக்கு வந்தது. அதிகப்பிடிப்பும் சேர்ந்த கதை அது. கடலின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

1. தேதியைப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை பசிபிக் மாறும் காலம். அதைத் தாண்டிச் செல்லும் கணிப்புகள் பலமுறை தவறும். ஏப்ரலில் வந்த "எல் நினோ உறுதி" என்ற செய்தியை வைத்து ஐப்பசி மழையைத் திட்டமிட வேண்டாம். ஆகஸ்ட் இறுதிக் கணிப்பு பெருமளவு நம்பத் தக்கது.
2. எந்தப் பருவத்துக்கு, எந்த ஊருக்கு என்று பாருங்கள். டெல்லித் தொலைக்காட்சி "நல்ல பருவமழை" என்றால் பெரும்பாலும் அது ஜூன்–செப்டம்பர். அது மேட்டூருக்குப் பொருந்தும். புதுச்சேரிக் கடற்கரைக்கு அன்று.
3. வடகிழக்குப் பருவத்துக்கு இந்திய வானிலைத் துறை செப்டம்பர் இறுதி வாக்கில் தனிக் கணிப்பு தருகிறது. அதில் "இயல்பு" என்பது தென் தீபகற்பத்தின் நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காடு வரை. தமிழகம் மட்டுமல்ல, கேரளமும் கடலோர ஆந்திரமும் ராயலசீமையும் தென் கர்நாடக உட்பகுதியும் சேர்ந்த கணக்கு அது. மொத்தம் இயல்பாக இருக்க, கடலூர் காய்ந்து கிடக்கலாம்.
4. நிகழ்தகவை அப்படியே படியுங்கள். "இயல்புக்கு மேல் 50 விழுக்காடு வாய்ப்பு" என்றால், மீதி 50-இல் இயல்பும் குறைவும் உண்டு. சம்பாவுக்கு விதை ரகம் தேர்வு செய்பவர் அந்த மீதியையும் கணக்கில் வைக்க வேண்டும்.
5. பிறழ்வின் அடிப்படை ஆண்டுகளைக் கவனியுங்கள். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951 முதல் 2015-க்குள் சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. பழைய சராசரியோடு ஒப்பிட்டால் இன்று எல்லா ஆண்டும் சூடான ஆண்டுதான். இரண்டு நிறுவனங்களின் எண்கள் முரண்படும்போது பாதி நேரம் காரணம் இந்த அடிப்படை வேறுபாடே.
6. பருவம் தொடங்கிவிட்டால் எல் நினோவை மறந்துவிட்டு, ஐந்து நாள் கணிப்பையும் தாழ்வின் பாதையையும் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை, காற்று எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணுக்கும் நினோ 3.4-இன் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.